அல்காப்டனூரியா: சிறுநீர்க் கறையிலிருந்து மருந்துவரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரம்பரை வளர்சிதை மாற்றக் குறைபாடுகள் என்று நூற்றுக்கணக்கான நோய்கள் வகைப்படுத்தப்பட்டுள்ளன. அவை எல்லாவற்றையும் பற்றி மேலோட்டமாகச் சொல்வதைவிட ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு விளக்கமாகச் சொல்வது பயன்படும் என்பதால், இப்பக்கம் அல்காப்டனூரியாவைப் பற்றி மட்டுமே பேசுகிறது. இவ்வகை நோய்களில் பரம்பரைக் காரணம் முதன்முதலில் விளக்கப்பட்டது இந்நோய்க்குத்தான். ஆனால் அதற்கு ஒரு மருந்து வந்துசேர நூறாண்டுக்கும் மேலாயிற்று. அம்மருந்தைப் பற்றிய ஆய்வை முன்னின்று நடத்தியவர் இங்கிலாந்தின் ராயல் லிவர்பூல் பல்கலைக்கழக மருத்துவமனையின் மருத்துவ உயிர்வேதியியல் துறையைச் சேர்ந்த பேராசிரியர் லட்சுமிநாராயண் ரங்கநாத் ஆவார். இந்நோய்க்குத் தமிழ்நாட்டோடும் ஒரு தொடர்பு உண்டு. அது கீழே உரிய இடத்தில் வருகிறது.

அல்காப்டனூரியா என்பது என்ன?

நாம் உண்ணும் புரதத்தில் ஃபீனைல் அலனின், டைரோசின் என்னும் இரண்டு அமினோ அமிலங்கள் உள்ளன. உடலின் தேவை போக மிஞ்சும் பகுதியைக் கல்லீரல் பல படிகளில் சிதைத்து ஆற்றலாக மாற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி பொறுப்பு. ஃபீனைல் அலனினிலிருந்து எண்ணினால் நான்காவது படியில், ஹோமோஜென்டிசிக் அமிலம் என்னும் இடைப்பொருளைச் சிதைக்க வேண்டிய நொதி இந்நோயாளிகளிடம் வேலை செய்வதில்லை. வயலுக்குப் போகும் வாய்க்காலில் ஒரு மடையை அடைத்தால் அதற்கு மேற்புறத்தில் நீர் தேங்குவதுபோல, அந்த அமிலம் தேங்குகிறது.

தேங்குவதில் மிகப் பெரும்பகுதியைச் சிறுநீரகங்கள் அன்றன்றே வெளியேற்றிவிடுகின்றன. மற்றவர்களின் சிறுநீரில் ஏறத்தாழ இல்லை என்றே சொல்லத்தக்க இவ்வமிலம், நோயாளி ஒருவரின் சிறுநீரில் நாளொன்றுக்கு 1 முதல் 8 கிராம் வரை வெளியேறுகிறது. வெளியேறாமல் தங்கும் சிறு பகுதிதான் தொல்லை. அது ஆக்சிஜனேற்றம் அடைந்து, கருநிற நிறமியாகி, ஆண்டுக்கணக்கில் குருத்தெலும்பிலும் தசைநாண்களிலும் இதய வால்வுகளிலும் படிகிறது. இப்படிவுக்கு ஓக்ரோனோசிஸ் என்று பெயர். நிறமி படிந்த குருத்தெலும்பு தன் நெகிழ்ச்சியை இழந்து, நொறுங்கும் தன்மையைப் பெறுகிறது.

மருத்துவ உயிர்வேதியியலாளருக்கு இதில் என்ன பங்கு?

பொதுவாக நோயாளியின் இரத்தம், சிறுநீர் ஆகியவற்றிலுள்ள வேதிப்பொருள்களை அளந்து, அவ்வளவுகளின் பொருளை மருத்துவருக்கு விளக்குவது இவர்களது பணி. வளர்சிதை மாற்றக் குறைபாடுகளில் அப்பங்கு இன்னும் பெரிது. இங்கே நோய் என்பதே ஒரு வேதிப்பொருளின் தேக்கமாக இருப்பதால், அதைக் கண்டுபிடிப்பதும், சரியாக அளக்கும் முறையை உருவாக்குவதும், மருந்து அதைக் குறைக்கிறதா என்று பார்ப்பதும் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பாகின்றன.

எந்த வயதில், எவ்வாறு தெரியவரும்?

பிறந்த சில நாள்களிலேயே தெரியவரலாம். குழந்தையின் சிறுநீர் பட்ட துணியில் பழுப்பு அல்லது கறுப்புக் கறை விழும். சோப்பு போட்டுத் துவைத்தால் காரத்தன்மையால் கறை மங்குவதற்கு மாறாக மேலும் கருக்கும். ஆனால் குழந்தை நன்றாகப் பால் குடிக்கும், இயல்பாக வளரும், காய்ச்சலோ வலிப்போ வராது. அதனால் பல வீடுகளில் அந்தக் கறையை யாரும் பொருட்படுத்துவதில்லை. உடனடியாகத் தண்ணீர் ஊற்றிவிடும் கழிப்பறைகளில் சிறுநீர் நிறம் மாறும் வரை நிற்பதே இல்லை என்பதால், பெரியவர்களிடமும் இது கவனத்துக்கு வராமலே போகிறது.

அடுத்த அறிகுறிகள் பெரும்பாலும் முப்பது வயதையொட்டி வருகின்றன: தீராத இடுப்பு வலி, முதுகு விறைப்பு, பின்னர் முழங்கால், இடுப்பு, தோள் மூட்டுகளில் தேய்மானம். கண்ணின் வெள்ளை விழிப்பகுதியில் சாம்பல் அல்லது பழுப்பு நிறத் திட்டும், காது மடலில் நீலம் பாய்ந்த கருமையும் தென்படலாம். பின்னாளில் சிறுநீரகக் கல், புரோஸ்டேட் கல், குதிகால் தசைநாண் அறுந்துபோதல், பெருந்தமனி வால்வு சுருங்குதல் ஆகியவை சேரலாம். முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சைக்காக மூட்டைத் திறந்த பிறகு, வெண்மையாக இருக்க வேண்டிய குருத்தெலும்பு மை போலக் கறுத்திருப்பதைக் கண்டு அப்போதுதான் நோய் தெரியவந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப வெளிவந்திருக்கின்றன. முப்பது, நாற்பது ஆண்டுகள் கண்முன்னே இருந்த ஓர் அடையாளம் அறுவை அரங்கில் வெளிப்படுவது வருந்தத்தக்கது. ஆயினும் இன்றும் அதுவே நடக்கிறது.

சிறுநீர் கறுத்தாலே இந்நோய் என்று கொள்ளலாமா?

கூடாது. சிறுநீரில் இரத்தம் கலத்தல், மஞ்சள் காமாலை, தசைச் சிதைவு, போர்ஃபிரியா எனப் பல காரணங்களால் சிறுநீர் கருக்கலாம். மெட்ரோனிடசோல், லெவோடோபா போன்ற மருந்துகளாலும் நிறம் மாறலாம். அல்காப்டனூரியாவுக்கு உரிய அடையாளம் ஒன்று உண்டு. வெளிவரும்போது சிறுநீர் வழக்கமான நிறத்தில்தான் இருக்கும். காற்றுபட நின்ற பிறகே கருக்கும்.

ஆய்வுக்கூடத்தில் எவ்வாறு உறுதிசெய்கிறார்கள்?

ஒரு கண்ணாடிக் குழாயில் சிறுநீரை எடுத்து அசைக்காமல் வைத்தால், காற்று தொடும் மேற்பரப்பில் முதலில் ஒரு கரும்பட்டை தோன்றி, மெல்ல மெல்லக் கீழே இறங்கும். பொறுமையில்லாவிட்டால் சில சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் போதும், நிறம் விரைந்து மாறிவிடும். ஃபெரிக் குளோரைடு விட்டால் ஒரு கணம் கருநீலம் தோன்றி மறையும். இவை எல்லாம் ஐயத்தை எழுப்பும் சோதனைகளே தவிர, முடிவுசொல்லும் சோதனைகள் அல்ல.

சிறுநீரில் சர்க்கரை உள்ளதா என்று பார்க்கப் பயன்பட்ட பழைய பெனடிக்ட் சோதனையைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். அது சர்க்கரையை மட்டும் காட்டும் சோதனை அன்று. செம்பை ஒடுக்கும் (அதற்கு எலக்ட்ரானைக் கொடுக்கும்) எந்தப் பொருளையும் காட்டும். ஹோமோஜென்டிசிக் அமிலமும் ஓர் ஒடுக்கி. ஆகவே அல்காப்டனூரியா உள்ளவரின் சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலோடு காய்ச்சினால் சர்க்கரை உள்ளதுபோலவே மஞ்சள் அல்லது செம்பழுப்பு வீழ்படிவு வரும். இதனால் நீரிழிவு என்று தவறாகக் கருதப்பட்டவர்கள் அக்காலத்தில் இருந்தனர். வீழ்படிவுக்கு மேலே நிற்கும் கரைசல் கருத்திருப்பதைக் கவனிப்பவர் ஏமாறமாட்டார். சர்க்கரையை மட்டும் காட்டும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் பட்டை கொண்டு பார்க்கும் இக்காலத்தில் இக்குழப்பம் அருகிவிட்டது; அதோடு தற்செயலாக நோயைக் கண்டுபிடிக்கும் ஒரு வாய்ப்பும் போய்விட்டது.

உறுதிசெய்யும் சோதனை, சிறுநீரின் கரிம அமிலங்களை வாயு நிறப்பகுப்பு–நிறை நிறமாலைக் கருவியில் பிரித்தறிவது. சிகிச்சையின்போது அளவைத் தொடர்ந்து கண்காணிக்க, திரவ நிறப்பகுப்போடு இணைந்த நிறை நிறமாலை முறை பயன்படுகிறது. எந்த முறையானாலும் மாதிரியைக் காப்பது முதன்மையானது. காற்றிலேயே மாறிவிடும் பொருளை அளக்கிறோம் என்பதால், லிவர்பூலில் 24 மணிநேரச் சிறுநீரைச் சேகரிக்க அமிலம் இட்ட புட்டிகளைக் கொடுக்கிறார்கள். அமிலச் சூழலில் ஆக்சிஜனேற்றம் தடைப்படுகிறது. இந்த எச்சரிக்கை இல்லாமல் மேசைமேல் கிடந்து கறுத்துப்போன மாதிரியிலிருந்து கிடைக்கும் எண்ணை நம்பி எந்த முடிவும் எடுக்கக்கூடாது.

பரம்பரை நோய் என்று முதலில் உணர்ந்தவர் யார்?

லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் காரோட். அவருக்கு முன்பே, 1891-இல், ஜெர்மனியில் வோல்கோவும் பாமனும் சிறுநீரைக் கருக்கச்செய்யும் பொருள் ஹோமோஜென்டிசிக் அமிலம் என்று கண்டறிந்திருந்தனர். குடலில் வாழும் கிருமிகள் அதை உண்டாக்குவதாக அன்று பலர் நம்பினர்.

காரோட் கவனித்துவந்த ஒரு குடும்பத்தில் இந்நிலை உள்ள குழந்தைகள் இருந்தனர். 1901-இல் அத்தாய் மறுபடி கருவுற்றிருந்தபோது, பிறக்கும் குழந்தையின் அணையாடைகளைப் பிறந்த கணத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கும்படி காரோட் ஏற்பாடு செய்தார். பிறந்து இரண்டு நாள் கடந்ததும் கறை தெளிவாகத் தெரிந்தது. கிருமி தொற்றி, பெருகி உண்டாக்குவதாக இருந்தால் இவ்வளவு விரைவில் வருவது கடினம். ஒருநாள் மருத்துவமனையிலிருந்து நடந்து திரும்பும்போது, பெற்றோர் உறவினர்களாக இருக்கக்கூடுமோ என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மறுநாள் விசாரித்தார். தந்தையின் தாயும் தாயின் தாயும் உடன்பிறந்த சகோதரிகள். (நம் வழக்கில் இவ்விருவரும் அண்ணன் தங்கை முறை, திருமணப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் மரபணுவுக்கு முறை தெரியாது. அக்காள் தங்கை பிள்ளைகள் ஆனாலும் மாமன் மகள் அத்தை மகன் ஆனாலும் பகிர்ந்துகொள்ளும் பங்கு ஒன்றுதான்.) வேறு குடும்பங்களிலும் இதே நிலையைக் கண்டார். பண்புகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு எப்படிக் கடத்தப்படுகின்றன என்று சொல்லும் மெண்டலின் விதிகள் அப்போதுதான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்திருந்தன. அவற்றை இங்கிலாந்தில் பரப்பிய வில்லியம் பேட்சன், இது ஒடுங்கு பண்பாக (பழுது இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால் மட்டும் வெளிப்படுவதாக) கடத்தப்படும் நிலைக்குப் பொருந்துகிறது என்று சுட்டிக்காட்டினார். 1902 டிசம்பரில் காரோட் வெளியிட்ட கட்டுரை, மனித நோய் ஒன்றுக்கு மெண்டலிய விளக்கம் தந்த முதல் எழுத்துகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1908-இல் அவர் ஆற்றிய குரூனியன் சொற்பொழிவுகளில் அல்காப்டனூரியாவோடு சிஸ்டினூரியா, பென்டோசூரியா, வெண்தோல் நிலை ஆகியவற்றையும் சேர்த்து, பிறவி வளர்சிதை மாற்றப் பிழைகள் என்னும் வகைப்பாட்டையே நிறுவினார்.

சொந்தத்தில் திருமணம் செய்தால் இந்நோய் வந்துவிடுமா?

இக்கேள்விக்கு அச்சுறுத்தாமலும் மழுப்பாமலும் பதில் சொல்ல, ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பதே வழி. பழுதான மரபணுவைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றால்தான் நோய் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் கடத்துநர்; அவருக்கு எந்தத் துன்பமும் இராது. உலகின் பெரும்பாலான பகுதிகளில் இந்நோய் 2,50,000 பேர் முதல் 10,00,000 பேர் வரையில் ஒருவருக்கு என்று மதிப்பிடப்படுகிறது. 2,50,000-இல் ஒன்று என்று கொண்டால், கடத்துநர்கள் ஏறத்தாழ 250 பேரில் ஒருவர். உறவில்லாத இருவருக்குப் பிறக்கும் குழந்தைக்கு வாய்ப்பு அந்த 2,50,000-இல் ஒன்றே. மாமன் மகள் அல்லது அத்தை மகனை மணந்தவர்களின் குழந்தைக்கு அது சுமார் 7,800-இல் ஒன்றாகவும், தாய்மாமனை மணந்தவரின் குழந்தைக்குச் சுமார் 3,900-இல் ஒன்றாகவும் உயரும். அதாவது முப்பது மடங்கு, அறுபது மடங்கு உயர்வு. ஆயினும் தனி ஒரு தம்பதியைப் பொறுத்தவரை அது சிறிய எண்ணே.

ஆனால் இது ஒரேயொரு நோய்க்கான கணக்கு. இதேபோல் ஒடுங்கு பண்பாக வரும் நோய்கள் பல உள்ளன. அவை ஒவ்வொன்றின் வாய்ப்பும் சேர்த்தே கூட்டப்பட வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்குச் சற்று மேலான திருமணங்கள் இரத்த உறவுக்குள் நடந்தவை. குடும்பத்தில் ஏற்கெனவே இத்தகைய குழந்தை ஒன்று பிறந்திருந்தால் பொதுக் கணக்கு பொருந்தாது. அதே பெற்றோரின் ஒவ்வொரு பிரசவத்திலும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அந்நிலையில் மரபியல் ஆலோசனை பெறுவது கட்டாயம் என்பது என் கருத்து.

தமிழ்நாட்டில் இந்நோய் உள்ளதா?

உண்டு. நரிக்குறவர் சமூகத்தினரிடையே நடந்த ஆய்வு ஒன்று 2014-இல் வெளியானது. தமிழ்நாட்டின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் வாழும் 41 பேரைக் கொண்ட குழுவில் 16 பேருக்கு நோய் இருப்பது தெரியவந்தது. அவர்களுள் 11 பேரிடம், அதற்குமுன் உலகில் எங்கும் பதிவாகாத ஒரே மரபணு மாற்றம் இரு நகல்களிலும் காணப்பட்டது. எஞ்சிய ஐவரிடம் அம்மாற்றம் ஒரு நகலில் மட்டுமே இருந்தது. மற்ற நகலின் பழுது என்னவென்று பிடிபடவில்லை. பல குடும்பங்களில் அச்சு மாறாமல் ஒரே மாற்றம் இருப்பது, முன்னொரு தலைமுறையில் ஒருவரிடம் தோன்றியது சமூகத்துக்குள்ளேயே மணவுறவு கொள்வதால் பரவியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

இவ்வெண்ணை எடுத்து, அச்சமூகத்தில் ஐந்தில் இருவருக்கு இந்நோய் என்று எழுதுவது தவறு. ஒரு வட்டாரத்தில், நோய் இருக்கும் என ஐயம் எழுந்த இடத்தில் செய்த ஆய்வு அது. ஆனால் அங்கே பரிசோதனையும் சிகிச்சையும் கொண்டுசெல்ல வேண்டும் என்று சொல்வதற்கு அது போதும்.

இத்தகைய நிலை நமக்கு மட்டும் உரியதும் அன்று. ஸ்லோவாகியா நாட்டில் 19,000 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. மலைப்பாங்கான பகுதிகளில் தனித்து வாழ்ந்த சிற்றூர்களே அங்கே காரணம். தமிழ்நாட்டு ஆய்வின் மரபணுப் பகுப்பாய்வில் ஸ்லோவாகிய ஆய்வாளர் ஆந்திரியா சாட்கோவாவும் பங்குகொண்டார்.

பழுதான நொதியும் மரபணுவும் எப்போது கண்டுபிடிக்கப்பட்டன?

நொதி கல்லீரலில் இல்லாததை 1958-இல் அமெரிக்காவில் லா டூவும் அவருடைய குழுவினரும் நேரடியாக நிறுவினர். மரபணுவை 1996-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தனர். அக்கண்டுபிடிப்பு ஒரு பூஞ்சையின் வழியாக வந்தது என்பதுதான் சுவையானது. அஸ்பர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்னும் பூசணம் ஃபீனைல் அலனினை எப்படி உணவாக்கிக்கொள்கிறது என்று மாட்ரிட்டில் ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள், அதே நொதியின் மரபணுவை அதில் கண்டு, அதன் வரிசையை வைத்து மனித மரபணுவைத் தேடிப் பிடித்தனர். அது மூன்றாவது குரோமோசோமில் உள்ளது.

நிட்டிசினோன் என்னும் மருந்து எங்கிருந்து வந்தது?

களைக்கொல்லி ஆராய்ச்சியிலிருந்து. 1977-இல் கலிபோர்னியாவில் வேளாண் வேதிப்பொருள் நிறுவனம் ஒன்றின் ஆய்வாளர், பாட்டில் பிரஷ் செடியின் அடியில் களைகள் அதிகம் முளைப்பதில்லை என்பதைக் கவனித்தார். அச்செடி சுரக்கும் பொருளைப் பின்பற்றி உருவாக்கிய சேர்மங்களில் ஒன்று நிட்டிசினோன். அது தாவரங்களிலும் விலங்குகளிலும் டைரோசின் சிதையும் பாதையில், ஹோமோஜென்டிசிக் அமிலத்தை உண்டாக்கும் மூன்றாம் படியின் நொதியைத் தடுக்கிறது.

ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் அந்நொதியை நெடுங்காலம் ஆராய்ந்துவந்த மருத்துவ வேதியியலாளர் ஸ்வென் லிண்ட்ஸ்டெட், இதை முதலாம் வகை டைரோசினீமியாவுக்குப் பயன்படுத்தலாம் என்று கண்டார். அதே பாதையின் இறுதிப் படி பழுதாவதால் வரும் அந்நோயில் குழந்தைகள் கல்லீரல் செயலிழந்து இறந்துகொண்டிருந்தனர். 1992-இல் அவர் வெளியிட்ட முடிவுகள் அந்நோயின் போக்கையே மாற்றின. மேற்படியை அடைத்தால் கீழே நச்சு சேராது என்னும் அதே தருக்கம் அல்காப்டனூரியாவுக்கும் பொருந்தும் என்பது அடுத்த கட்டம்.

அமிலம் குறைந்தும் 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஏன் வெற்றியாகக் கருதப்படவில்லை?

இப்பக்கத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி இதுவே. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் 40 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நாளொன்றுக்கு 2 மி.கி. நிட்டிசினோனை மூன்று ஆண்டுகள் கொடுத்தனர். ஹோமோஜென்டிசிக் அமிலம் சுமார் 95 விழுக்காடு குறைந்தது. ஆய்வுக்கூடத்தில் இருப்பவர் யாரும் இதை மாபெரும் வெற்றி என்றே சொல்வார். ஆனால் ஆய்வின் முதன்மை அளவுகோலாக அவர்கள் வைத்திருந்தது இடுப்பு மூட்டு எவ்வளவு சுழல்கிறது என்பது. அதில் இரு பிரிவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எனவே மருந்துக்கு அனுமதி கிடைக்கவில்லை.

மருந்து பயனற்றது என்பது இதன் பொருளா? அல்லது அளந்த இடம் சரியில்லையா? பல பத்தாண்டுகளில் மெல்ல நிகழும் சேதத்தை மூன்று ஆண்டுகளில், ஒரே மூட்டில், நாற்பது பேரிடம் அளந்தால் வேறுபாடு தெரியாமல் போவது வியப்பில்லை. ஒருவருக்கு முதுகு முதலில் கெடும், இன்னொருவருக்கு முழங்கால், மற்றொருவருக்கு இடுப்பு ஏற்கெனவே சுழலமுடியாத அளவுக்குத் தேய்ந்திருக்கும், மருந்து கொடுத்தாலும் அது திரும்பாது. அதேவேளையில், அமிலம் குறைந்ததே போதும், அனுமதி கொடுங்கள் என்று கேட்பதும் நியாயமாகாது. ஆய்வுக்கூட எண் இறங்குவது வேறு. மனிதர் நலமாக நடப்பது வேறு. மருந்துகளுக்கு அனுமதி தரும் அமைப்புகள் இரண்டாவதற்குச் சான்று கேட்டது சரியே.

லிவர்பூல் குழு இதை எப்படி அணுகியது?

ரங்கநாத் ஒரு நோயாளியோடு சேர்ந்து 2003-இல் இந்நோயாளிகளுக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். அரிய நோய்களில் சங்கம் என்பது ஆறுதலுக்கு மட்டும் அன்று; நோயாளிகளைத் தேடிக் கண்டுபிடிக்காமல் ஆய்வே நடக்காது. 2012-இல் ராயல் லிவர்பூல் மருத்துவமனையில் அல்காப்டனூரியாவுக்கான தேசிய மையம் தொடங்கப்பட்டது. இங்கிலாந்து நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 2 மி.கி. நிட்டிசினோன் அங்கே கொடுக்கப்பட்டு, ஆண்டுதோறும் முழுப் பரிசோதனை செய்யப்பட்டது.

ஒரு மூட்டை மட்டும் நம்பக்கூடாது என்னும் பாடத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டனர். கண், காது ஆகியவற்றின் நிறமி, கற்கள், தசைநாண் அறுதல், எலும்பு முறிவு, இதய வால்வு, மூட்டு வலி, முதுகுத்தண்டு என எல்லாவற்றுக்கும் மதிப்பெண் கொடுத்துக் கூட்டும் ஓர் அளவுகோலை அமைத்தனர். நோயின் தீவிரத்தை ஒரே எண்ணில் சொல்ல இது உதவியது. கூட்டு மதிப்பெண்ணில் காதின் நிறமும் வால்வின் சுருக்கமும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன என்று ஒருவர் குறைகூறலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் பல இடங்களில் பரவலாகத் தாக்கும் நோய்க்கு வேறு வழி எளிதில் இல்லை.

பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் இரு ஆய்வுகள் நடந்தன. சோனியா 1 என்னும் முதல் ஆய்வு, லிவர்பூலிலும் ஸ்லோவாகியாவின் பியெஷ்டானி நகரிலும், 40 பேரை ஐந்து பிரிவாக்கி, மருந்தில்லாமலும் 1, 2, 4, 8 மி.கி. அளவிலும் நான்கு வாரங்கள் பார்த்தது. மருந்தில்லாதவர்களின் ஒருநாள் சிறுநீரில் இவ்வமிலம் சராசரி 31.5 மில்லிமோலாக இருக்க, 8 மி.கி. பெற்றவர்களிடம் அது 0.15 மில்லிமோலாக இருந்தது. இரண்டாவது ஆய்வான சோனியா 2 பாரிஸ் நகரையும் சேர்த்து மூன்று இடங்களில் 138 பேரிடம் நான்கு ஆண்டுகள் நடந்தது. பாதிப்பேருக்கு நாளொன்றுக்கு 10 மி.கி.; மீதிப்பேருக்கு மருந்தில்லை. பன்னிரண்டாம் மாதத்தில், மருந்தில்லாதவர்களோடு ஒப்பிட, அமிலம் 99.7 விழுக்காடு குறைவாக இருந்தது. அதைவிடப் பெரிய செய்தி, நான்காம் ஆண்டின் இறுதியில் கூட்டு மதிப்பெண்ணின் ஏற்றமும் மருந்து பெற்றவர்களிடம் குறைவாக இருந்தது என்பது. 2020-இல் முடிவுகள் வெளியாகின. அதே ஆண்டில் வயதுவந்த அல்காப்டனூரியா நோயாளிகளுக்கு இம்மருந்தைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி கிடைத்தது.

பக்கவிளைவுகள் உண்டா?

முதன்மையானது டைரோசின் தேக்கம். மூன்றாம் படியை அடைத்தால் அதற்கு மேலே இருப்பது தேங்கத்தானே செய்யும். சிலருக்கு விழிவெண்படலத்தில் (கண்ணின் முன்புறமுள்ள ஒளி ஊடுருவும் படலத்தில்) டைரோசின் படிந்து, கண் கூச்சமும் வலியும் நீர்வடிதலும் உண்டாகின்றன. சோனியா 2 ஆய்வில் மருந்து பெற்ற 69 பேரில் 10 பேருக்குக் கண்ணில் இத்தொல்லை வந்தது. மருந்தை நிறுத்தியதும் தணிந்தது. ஆகவே மருந்து எடுப்பவர் இரத்த டைரோசினையும் கண்ணையும் தொடர்ந்து பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கண் எரிச்சல் வந்தால் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்கக்கூடாது. இம்மருந்தை வளர்சிதை மாற்ற நோய்களில் பழக்கமுள்ள மருத்துவரின் மேற்பார்வையிலன்றி எடுக்கவே கூடாது.

ஏற்கெனவே படிந்த கருமை மறையுமா?

எலிகளில் நடந்த ஆய்வுகள், பிறந்ததிலிருந்து மருந்து கொடுத்தால் மூட்டில் நிறமி படிவதே இல்லை என்றும், நடுவயதில் தொடங்கினால் மேலும் படிவது நிற்கிறதே தவிர ஏற்கெனவே படிந்தது போகவில்லை என்றும் காட்டின. மனிதர்களில், சோனியா 2 பங்கேற்பாளர்களின் கண், காது நிறமி ஓரளவு குறைந்ததாகப் பின்னர் தெரிவிக்கப்பட்டது. அதை வைத்து, தேய்ந்துபோன மூட்டு பழையபடி ஆகும் என்று எவரும் எதிர்பார்க்கலாகாது.

குழந்தைகளுக்கு எப்போது மருந்தைத் தொடங்குவது?

தீர்வு எட்டப்படாத கேள்வி. விரைவில் தொடங்கினால் சேதத்தைத் தடுக்கலாம் என்று எலிகள் சொல்கின்றன. ஆனால் வளரும் மூளைக்கு நீடித்த டைரோசின் மிகுதி நல்லதா என்னும் ஐயமும் உண்டு. ஐரோப்பிய அனுமதியும் வயதுவந்தோருக்கு மட்டுமே. சேதம் எப்போது தொடங்குகிறது என்று அறிய, 16 வயதும் அதற்கு மேலும் ஆன 30 பேரை லிவர்பூல் குழு ஆராய்ந்தது. காதிலிருந்து எடுத்த சிறு துண்டில் நிறமி காணப்பட்டவர்களுள் மிக இளையவருக்கு வயது 20. நடையில் மாற்றமோ 16 வயதிலேயே தென்பட்டது. இவற்றைப் பார்க்கும்போது, முப்பதில் வலி வரும் வரை காத்திருப்பதில் பொருளில்லை என்றும், பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அவசரப்படத் தேவையில்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது. இடைப்பட்ட வயதில் எங்கே கோடு போடுவது என்பதை மருத்துவரும் குடும்பமும் சேர்ந்தே முடிவுசெய்ய வேண்டும்.

பருப்பு, பால், முட்டையை நிறுத்தினால் போதாதா?

போதாது. உணவிலிருந்து மட்டுமல்ல, உடலின் சொந்தப் புரதம் சிதைவதிலிருந்தும் இவ்வமினோ அமிலங்கள் வருகின்றன. வளரும் குழந்தைக்குப் புரதத்தை வெட்டுவது, வராத மூட்டுவலிக்காக வளர்ச்சியைப் பறிப்பதாகும். மருந்து எடுக்கும் பெரியவர்களுக்கு மட்டும், டைரோசின் கட்டுக்குள் இருக்க, உணவியல் வல்லுநர் கணக்கிட்டுத் தரும் அளவில் புரதம் குறைக்கப்படுகிறது.

வைட்டமின் சி மாத்திரைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் என்னும் எண்ணத்தில் பல காலமாகக் கொடுக்கப்பட்டுவந்தது. நோயின் போக்கை மாற்றும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

பிறந்த குழந்தைகளுக்குக் குதிகாலில் இரத்தம் எடுத்துச் செய்யும் பரிசோதனையில் தெரியுமா?

தெரியாது. வழக்கமான பட்டியல்களில் இந்நோய் சேர்க்கப்படவில்லை. சிறுநீர்தான் பரிசோதிக்கப்பட வேண்டும்.

இந்நோய் உள்ளவர் வேறு இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளுக்குப் போகும்போது எதைச் சொல்ல வேண்டும்?

நோயின் பெயரை ஆய்வுக்கூடத்தில் சொல்லிவிட வேண்டும். முடிந்தால் பரிசோதனைச் சீட்டிலேயே எழுதித்தரச் சொல்ல வேண்டும். கிரியாட்டினின், யூரிக் அமிலம் முதலியவற்றை அளக்கும் சில முறைகள் பெராக்சிடேஸ் நொதியின் துணையால் நிறம் உண்டாக்கி, அந்நிறத்தின் அடர்த்தியை அளக்கின்றன. ஹோமோஜென்டிசிக் அமிலம் ஓர் ஒடுக்கி என்பதால் அந்நிறம் உருவாவதையே தடுத்து, உண்மையான அளவைவிடக் குறைவாகக் காட்டச்செய்கிறது. சிறுநீரில் இவ்வமிலம் கிராம்கணக்கில் இருப்பதால் அங்கே பிழை பெரிது. பல சிறுநீர்ப் பரிசோதனைகளின் முடிவுகள் கிரியாட்டினின் அளவால் வகுத்தே தரப்படுகின்றன. அடியிலுள்ள எண் பொய்யாகக் குறைந்தால் மேலே உள்ள எல்லாமே பொய்யாக உயர்ந்து தெரியும். முடிவு நோயாளியின் நிலையோடு பொருந்தவில்லை எனில், இக்குறுக்கீடு இல்லாத வேறு முறையில் மறுபடி அளந்துதரும்படி கேட்கலாம்.